நாட்டுக்கோழி மெஸ்ஸுக்கு அறுபத்தொரு திருஷ்டிப் பொட்டு

புத்தூர், திருப்பதி ரோடு,
28.10.2018, ஞாயிறு

சிரஞ்சீவி மருமகன் யஸ்வந்துக்கு மாமா ஏகாம்பரம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் விளம்பரம் செய்துகொண்டு நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான், உன் அத்தை செங்கம்மா, கூண்டில் இருக்கிற பதினேழு நாட்டுக்கோழிகள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கோழிகள் எங்களைவிட நன்றாகவே இருக்கின்றன. சாப்பிட ஆள் வந்தால்தானே அவற்றுக்கு ஆபத்து. அந்த ஆபத்தை நீ உன் கம்ப்யூட்டர் மூலம் அடியோடு நீக்கிவிட்டாய். கோழிகள் சார்பாகவும் நன்றி.

இந்தக் காலத்தில் எவன் தபாலில் கடிதம் எழுதுவான் என்று நீ சிரிப்பாய். போன் செய்தால், "மாமா, ஒரு மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். என் வயிறு எரிகிறது என்று எழுதியதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. தபாலில் வரும் கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும். அதோடு போனில் எதைப் பேசினாலும் அது ஒட்டுக்கேட்டு விளம்பரம் போடுகிறது. போன வாரம் உன் அத்தையிடம் இடுப்பு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னேன், அன்று முழுக்க எனக்கு மெத்தை விற்றார்கள். ஆகவே இந்த விஷயம் உனக்கும் எனக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

விஷயம் இதுதான். தீபாவளிக்கு மறுநாள் வரதராஜன் என்பவர் வருகிறார். சென்னையிலிருந்து தினமும் திருப்பதிக்குப் பேக்கேஜ் பஸ் விடும் கம்பெனியின் மேனேஜர். மலையிலிருந்து திரும்பும் பஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் மெஸ் வாசலில் நிற்குமா நிற்காதா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார். நின்றால் தினமும் நாற்பத்திரண்டு பேர். நிற்காவிட்டால் பொங்கலோடு மெஸ்ஸை மூடவேண்டியதுதான். உனக்கே தெரியும், பைபாஸ் ரோடு திறந்தபிறகு பழைய ரோட்டில் வண்டி வருவதே அபூர்வம். முன்பு மூன்று பந்தி ஓடிய இடத்தில் இப்போது ஒரு பந்தியே முழுசாக உட்காருவதில்லை. மூடிய பிறகு நான் எங்கே போவேன்? ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனிகளில் இருபது வயதுப் பெண்பிள்ளைகளைத்தான் பஸ் வைத்து அழைத்துக்கொண்டு போகிறார்கள், ஐம்பத்தெட்டு வயது கோழிக்குழம்புக்காரனை யாரும் கேட்பதில்லை. உன் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை காலியிருந்தால் சொல்லிவை. நீ காரில் உள்ளே வரும்போது எழுந்து நின்று சலாம் வைக்கிறேன், அதற்கு ஒரு ஐந்து நட்சத்திரம் கொடு.

ஆனால் இதையெல்லாம் உன் தலையில் ஏன் கட்டுகிறேன் என்று தெரியவேண்டுமே, ஆகவே முதலிலிருந்து வருகிறேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்விட்டுத் திரும்பும்போது நீ நம் வீட்டுக்கு வந்தாய். நெற்றியில் விபூதி, மடியில் லேப்டாப். அதைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, நீங்க இன்டர்நெட்ல இல்லவே இல்ல" என்றாய். யாரோ செத்துப்போன சேதி சொல்கிற மாதிரி உன் முகம் இருந்தது. இருபத்துநாலு வருஷமாக ஒரே இடத்தில் அடுப்பு எரித்துக்கொண்டிருக்கிறேன், ஆர்டிஓ ஆபீசிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் எல்லோருக்கும் வழி தெரியும், நான் இல்லவே இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "கவலப்படாதீங்க மாமா, சர்ச் பண்ணா மொத மொத நீங்கதான் வரணும், நான் பாத்துக்கறேன்" என்றாய். பார்த்துக்கொண்டாய். மெஸ் வாசலைப் போட்டோ எடுத்தாய், குழம்புச் சட்டியை எடுத்தாய், கோழி உரித்துக்கொண்டிருந்த துலுக்காணத்தைச் சிரிக்கச் சொல்லி எடுத்தாய். பதினெட்டு வருஷமாக நம்மிடம் வேலை செய்கிற மனுஷன், அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் மேப்பில் ஏற்றிவிட்டு, அதன் அடியில் ஏதோ 'கீவேர்டு' என்று நாற்பது வார்த்தைகள் தட்டினாய். ஒவ்வொன்றும் ஒரு தூண்டில் மாதிரி, எதைத் தேடுகிறவனும் ஒன்றிலாவது மாட்டிக்கொள்வான் என்று எனக்கு விளக்கமும் சொன்னாய்.

அந்த நாற்பது வார்த்தைகள் என்னென்ன என்று அன்றைக்கே கேட்காதது என் தப்பு. நம் வியாபாரம் எப்படிப்பட்டது என்று அக்கா மகனான உனக்குத் தெரியாதா? மலைக்குப் போகும்போது ஒருத்தரும் நம் வாசலைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், விரதம். நாமும் அவர்களைக் கூப்பிடுவதில்லை, அது பாவம். சாமியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, ரேணிகுண்டா தாண்டி, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள், "என்ன இருக்குது?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். போகும்போது கோவிந்தன், வரும்போது கோழி. இருபத்துநாலு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. நீ ஒரு மத்தியானத்தில் மாற்றிவிட்டாய். 'திருப்பதி தரிசனம்', 'பாலாஜி', 'சர்வ தரிசனம் நேரம்', 'பிரசாதம்', 'சுத்தமான சாப்பாடு அருகில்' என்றெல்லாம் போட்டுவைத்தாயாமே. அதன்பிறகு மலைக்குப் போகிற வழியில் யார் எதைத் தேடினாலும் துலுக்காணத்தின் சிரித்த முகமும் அவன் கையில் தொங்கும் கோழியும் முதலில் வந்து நின்றன.

பலன் மூன்றே நாளில் தெரிந்தது. ஒருநாள் காலை பாதயாத்திரைக்காரர்கள் பன்னிரண்டு பேர், மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, காலில் செருப்பில்லை, ஆரணியிலிருந்து நடந்தே வருகிறவர்கள், போனைப் பார்த்துக்கொண்டு நேராக நம் கொல்லைப்புறம் வந்துவிட்டார்கள். அங்கே துலுக்காணம் ஒரு சேவலை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். முன்னால் வந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, "கோவிந்தா!" என்று கத்தினார். துலுக்காணம் பயத்தில் பிடியை விட்டான். சேவல் மாலைகளுக்கு நடுவே புகுந்து ஓடியது. பெரியவர் என்னைப் பார்த்து, "ஏம்பா, நாலு நாளா வெறும் மோர் குடிச்சிக்கினு நடந்து வரோம், உன் போன்ல சுத்தமான சாப்பாடுன்னு போட்டுக்கீதே, உனக்கு அடுக்குமா?" என்று கேட்டார். கோழியும் சுத்தமான கோழிதான் என்று வாய் வரை வந்தது, நல்லவேளை விழுங்கிவிட்டேன். அத்தனை பேர் காலுக்கும் தண்ணீர் ஊற்றி, தேங்காய் உடைத்துக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன்.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. குண்டூரிலிருந்து, விஜயவாடாவிலிருந்து, ஓசூரிலிருந்து. "ஸ்வாமி, சர்வ தர்ஷனம் எந்த சேபு படுதுந்தி?" என்று, அதாவது எவ்வளவு நேரம் ஆகும் என்று தெலுங்கில் ஒருத்தர், "க்யூ கம்பார்ட்மெண்ட் எத்தனை நிறைஞ்சிருக்கு?" என்று தமிழில் ஒருத்தர், ரூம் கேட்டு ஒருத்தர், லட்டு பார்சல் வருமா என்று ஒருத்தர். நான் முதல் நாள் எல்லோரையும் திட்டி வைத்துவிட்டேன். உன் அத்தைதான் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாவம்யா, சாமி பாக்கப் போறவங்க கேக்கறாங்க, வாய் தொறந்து சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றாள். அவள் செய்த வேலை என்ன தெரியுமா? மலையிலிருந்து இறங்கி நம்மிடம் சாப்பிட வருகிறவர்களிடம், இலை போடும்போதே, "எத்தினி மணி நேரம் நின்னீங்க?" என்று கேட்டுவைத்துக்கொள்வாள். அடுத்த போன் வந்ததும், "பதினோரு மணி நேரம் ஆவுதாம், கொயந்த இருந்தா பால் எடுத்துக்கினு போங்க, இப்பவே கெளம்புங்க" என்று சொல்வாள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் சொல்வாள். இவ்வளவு துல்லியமாக யாருமே சொன்னதில்லையாம். அந்தச் சந்தோஷத்தில் அவர்களெல்லாம் நம் மெஸ்ஸுக்கு ஐந்து ஐந்து நட்சத்திரமாக வைத்துத் தள்ளினார்கள். இரண்டு மாசத்தில் இருபத்தொரு பேர் நட்சத்திரம் வைத்தார்கள், ஒன்றுகூடக் குறையாமல் ஐந்து. அதில் பதினாலு பேர் நம் குழம்பு சிவப்பா கறுப்பா என்றுகூடப் பார்த்ததில்லை. "பாத்தீங்களா மாமா, ஆர்கானிக் க்ரோத்!" என்று நீ போனில் துள்ளினாய். எனக்கு அது ஏதோ இயற்கை உரம் சம்பந்தப்பட்டது என்று தோன்றியது, சரி என்றேன்.

நடுவில் புரட்டாசி வந்தது. புரட்டாசியில் நம் பக்கம் கவுச்சி வாசம் எந்த வீட்டிலும் வராது, மெஸ்ஸை மூடிவிட்டு நான் வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போய்விடுவேன் என்று உனக்குத் தெரியும். உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீ ஆகஸ்டிலேயே அதற்கு ஏதோ சாவி கொடுத்து வைத்திருக்கிறாய், மூன்றாவது சனிக்கிழமை காலையில் ஊரில் எல்லோர் போனிலும் வந்து விழுந்தது: 'புரட்டாசி சனிக்கிழமை சூப்பர் ஆஃபர்! ஒரு நாட்டுக்கோழி பிரியாணி வாங்கினால் ஒன்று இலவசம்!' பின்னால் ஏழுமலை படம் வேறு. அன்றைக்கு நாமம் போட்டுக்கொண்டு சொம்பு எடுத்து வருகிறவர்கள் தெருவெல்லாம் அரிசி வாங்கிக்கொண்டு வந்தார்கள். நம் வாசலில் மட்டும் நின்று கோவிந்தா பாடிவிட்டு, செங்கம்மா முறத்தில் அரிசியோடு நிற்க நிற்க, வாங்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் அந்த அரிசியைத் திரும்பப் பானையிலேயே கொட்டினாள். இதை நீ சிரித்துக்கொண்டு படித்தாலும் பரவாயில்லை, எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் கழித்து நீ போன் செய்து, "மாமா, ரீச் எப்படி?" என்று கேட்டாய். நன்றாகவே ரீச் ஆனது.

புரட்டாசி முடிந்த மறுநாள்தான் இந்த வரதராஜன் வந்தார். தனியாக வந்து, ஓரமாக உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கி, எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார். பழைய இடத்தில் கூட்டம் நெரிசல், பஸ் நிறுத்த இடமில்லை, புது இடம் தேடுகிறார்களாம். "எனக்குப் பிடிச்சிருக்கு சார். ஆனா எங்க முதலாளி மேப்ல ரேட்டிங் பாப்பாரு. நாலுக்கு மேல இருந்தாத்தான் அடுத்த பேச்சே. உங்களுக்கு அஞ்சு இருக்கு, அதனால பிரச்சனை வராது" என்றார். அன்றைக்கு நான் உன்னை மனசார வாழ்த்தினேன், யஸ்வந்த். அக்கா வயிற்றில் பிறந்த பிள்ளை உருப்பட்டுவிட்டான் என்று துலுக்காணத்திடம் சொன்னேன். அந்த வாழ்த்தை இத்துடன் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஏனென்றால் அடுத்த நாள் மிக்ஸி புகைந்துபோனது. அதற்கடுத்த நாள் துலுக்காணம் தண்ணீர்த் தொட்டியடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப்போனது. மூன்றாம் நாள் அடைக்கு வைத்திருந்த பதினோரு முட்டையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பஸ் கம்பெனியே நம் வாசலுக்கு வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. உன் அத்தை கிணற்றடியில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, என் போனை எடுத்து அந்த ஐந்து நட்சத்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தா, இத்த பாரு. அஞ்சும் அஞ்சா பளபளன்னு கீது. கடைக்குப் பூசணிக்கா கட்டிக்கீறோம், எலுமிச்சம்பயம் மொளகா கட்டிக்கீறோம். இதுக்கு இன்னா கட்டிக்கீறோம்? கொயந்தையையே கன்னத்துல ஒரு பொட்டு வெச்சித்தான் வெளியில தூக்கிக்கினு போறோம். உன் மருமவன் இத்த வெறும் மூஞ்சியா ஒலகத்துக்கே காட்டிக்கினு கீறான். ஊரு கண்ணு மொத்தமும் இதும்மேலதான்!"

நான் கோழி உரித்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். ஒரே ஒரு 'ம்'. முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் நான் யோசிக்காமல் சொன்ன எல்லா 'ம்'மையும்விட அது அதிக நஷ்டம் பண்ணிவிட்டது.

அவள் நினைத்தது ஒரே ஒரு பொட்டு. வெதுருகுப்பத்தில் இருக்கிற அவள் அண்ணன் நாகபூஷணத்தைக் கூப்பிட்டு, ஐந்து பளபளப்புக்கு நடுவே கரும்பொட்டாக ஒரே ஒரு நட்சத்திரம் வைத்துவிடச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தாள். அத்தோடு விட்டிருந்தால் சாமி சத்தியமாக நான் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். ஆனால் நம் ஜனத்தில் ஒருத்தரை மட்டும் கூப்பிட முடியுமா? நாகபூஷணத்துக்குச் சொன்னால் அவள் சின்ன அண்ணன் வீட்டில், "எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே" என்பார்கள். அவள் பக்கம் சொன்னால் என் பக்கம் பங்காளிகள் விடுவார்களா? மூன்று வருஷத்துக்கு முன் காதுகுத்துக்கு ஒரு வீட்டைக் கூப்பிட மறந்ததற்கு இன்றுவரை அவர்கள் நம் வாசலை மிதிப்பதில்லை. அதனால் செங்கம்மா முறையாகச் செய்தாள். தலைக்குக் குளித்து, குங்குமச் சிமிழ் எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடுவீடாகப் போனாள். "நம்ம மெஸ்ஸுக்குக் கண்ணு படாம ஒரு திஷ்டிப் பொட்டு வெக்கணும், நீங்க அவசியம் வெக்கணும்" என்று குங்குமம் கொடுத்து அழைத்தாள். சுமங்கலி குங்குமம் கொடுத்துக் கேட்டால் எவன் மாட்டேன் என்பான்? நாராயணவனத்தில் ஒன்பது வீடு, நகரியில் பதினான்கு, வெதுருகுப்பத்தில் தெருவே. சத்தியவேடு பக்கம் போக முடியாததால் அங்கே இருக்கிறவர்களுக்குப் போனில் சொல்லி, நேரில் வராததற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். குவைத்தில் டிரைவராக இருக்கிற நம் கிருஷ்ணப்பா, ரூமில் இருக்கிற ஆறு பேரையும் வைக்கச் சொல்லி, "அத்தே, மொத்தம் ஏழு வெச்சிக்கீறோம், ஒரு கண்ணும் அண்டாது" என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

ஐந்து நாளில் அறுபத்தொரு பேர். ஒருத்தருக்கு ஒன்று. ஐந்தாக இருந்தது இரண்டாகிவிட்டது. முழு இரண்டு, பின்னால் ஒரு புள்ளியும் பூஜ்யமும்.

அவர்கள் அடியில் எழுதியிருக்கிறதைப் படித்தாயா? நாகபூஷணம் எழுதியிருக்கிறான்: 'தங்கச்சி வெக்கிற கோழிக்கொழம்புக்கு ஈடு இந்த ஜில்லாவுலயே கெடியாது. நாலு நாளு கையில வாசன போவாது. நூறு வருசம் நடக்கணும்.' ஒரு நட்சத்திரம். நகரியிலிருந்து இன்னொருத்தர்: 'ரத்தப்பொரியல் துன்னுட்டு அழுதுட்டேன். சுத்தி போட்டுக்கோங்க.' ஒரு நட்சத்திரம். ஏதோ பைத்தியக்கார ஊர் என்று படிக்கிறவன் நினைக்கமாட்டானா?

இந்த இடத்தில் நீ சும்மா இருந்திருக்கலாம். உனக்குத்தான் சும்மா இருப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லையே. "மாமா, ஏதோ காம்படிட்டர் அட்டாக் பண்றான், நான் ரிப்ளை செட் பண்றேன்" என்றாய். மறுநாள் காலையில் அறுபத்தொரு சொந்தக்காரர்களுக்கும் என் பெயரில் ஒரே பதில் போயிருக்கிறது: 'உங்களுக்கு ஏற்பட்ட கசப்பான அனுபவத்துக்கு மிகவும் வருந்துகிறோம். இனி இப்படி நேராது.' எட்டு மணிக்கெல்லாம் நாகபூஷணம் போனில் வந்துவிட்டான். "இன்னா மச்சான், தங்கச்சிக்காக ஆசையா ஒண்ணு வெச்சா கசப்புன்றியே? எங்களுக்கும் உங்களுக்கும் இன்னா கசப்பு? இனிமே நேராதுன்னா, எங்க ஒறவே வாணான்றியா?" என்று கேட்டான். அவனைச் சமாதானம் செய்வதற்குள் நகரியிலிருந்து இரண்டு பேர் நேராகவே வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, இது என் மருமகன் கம்ப்யூட்டர் செய்த வேலை என்று விளக்கி, அனுப்பிவைத்தேன். கம்ப்யூட்டர் ஏன் என் பெயரில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். உனக்குத் தெரிந்தால் பதிலில் எழுது.

சரி, வைத்ததை அவரவர் எடுத்துவிடட்டும் என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே அணைந்திருக்கும். "வெச்ச பொட்ட அயிக்கச் சொல்றியா? அதுவும் பண்டிக வர்ற நேரத்துல? சொமங்கலிங்க வெச்ச பொட்டுய்யா!" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது பேச்சு. அதோடு, பொட்டு வைத்த நாளிலிருந்து புது மிக்ஸி நன்றாக ஓடுகிறது, துலுக்காணத்தின் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று கணக்குக் காட்டுகிறாள். இதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நேற்றுச் சாயந்திரம் வரதராஜன் போன் செய்தார். "என்ன சார், போன வாரம் அஞ்சு இருந்துச்சு, இப்ப ரெண்டு காட்டுது? முதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார். திருஷ்டிப் பொட்டு என்று மெட்ராஸ் மேனேஜரிடம் எப்படிச் சொல்வேன்? "டவர் சரியில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். யஸ்வந்த், கேலியை விட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த அடுப்பைவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. இந்த வயசில் துலுக்காணத்தை வேலையிலிருந்து நிற்கச் சொல்ல என்னால் முடியாது, செங்கம்மாவைக் கூலிக்கு மாங்காய் ஃபாக்டரிக்கு அனுப்பவும் மனசு வராது. நேற்று அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து அந்த இரண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவளும் தூங்கவில்லை.

ஆகவே நீ செய்யவேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதம் கண்டதும், மீட்டிங்கை ஒத்திவைத்துவிட்டு, நம் மெஸ்ஸையே இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிடு. மேப்பிலிருந்து எடு, போட்டோவை எடு, நாற்பது வார்த்தைகளையும் எடு. இல்லாத மெஸ்ஸுக்கு யாரும் ரேட்டிங் கேட்க முடியாது. வரதராஜனின் முதலாளி நேரில் வந்து குழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்து முடிவு செய்யட்டும். இருபத்துநாலு வருஷம் நான் இல்லாமலே நன்றாக இருந்தேன், மறுபடியும் என்னை இல்லாமல் ஆக்கிவிடு. இனிமேல் நம் குடும்பத்தில் யாருக்காவது உதவி செய்யவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள், அது போய்விடும்.

அக்கா பொன்னியம்மாளுக்கு என் நமஸ்காரம். அவள் இன்னும் நீ ஏதோ சுவரில் போஸ்டர் ஒட்டுகிற வேலை செய்கிறாய் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது எவ்வளவு கௌரவமான வேலை என்று இப்போது எனக்குப் புரிகிறது, ஆகவே நான் திருத்தவில்லை. தீபாவளிக்கு வந்தால் உன் அத்தை கறி செய்து போடுவாள், லேப்டாப்பை மட்டும் உன் வீட்டிலேயே விட்டுவிட்டு வா. நீ பதினாறு பெற்று, அந்தப் பதினாறும் ஒரு கீவேர்டு கூடத் தெரியாமல் வளர்ந்து, நோய்நொடி இல்லாமல் வாழ ஏழுமலையானை வேண்டிக்கொள்ளும்,

அன்பு மாமா,
ஏகாம்பரம்

பின்குறிப்பு: 29.10.2018, திங்கள். உறைக்குள் போட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய பிறகு, கிழித்து மறுபடியும் எழுதுகிறேன். எதையும் எடுக்காதே! மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. இன்று பன்னிரண்டு மணிக்கு வரதராஜன், சொல்லாமல் கொள்ளாமல், முதலாளியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எழுபது வயசுப் பெரியவர், முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஒரு பஸ்ஸையும் ஷெட்டைவிட்டு எடுக்கவிடமாட்டாராம். இரண்டு நட்சத்திரத்தைப் பார்த்துக் கோபப்பட்டு, என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று அறுபத்தொன்றையும் வரதராஜனை உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பத்து படிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டதாம். "அஞ்சு ஸ்டாரை யார் வேணும்னாலும் காசு குடுத்து வாங்கலாம் ஏகாம்பரம். இத்தனை பேர் மெனக்கெட்டுக் கண்ணு கழிக்கிறாங்கன்னா, அந்த சோத்துல ஏதோ இருக்குய்யா" என்றார். மூன்று தடவை குழம்பு வாங்கினார். வெள்ளிக்கிழமையிலிருந்து பஸ் நிற்கும். நான் சமையலறைக்குள் போய் அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். செங்கம்மா அதுவும் இல்லாமல் எல்லோருக்கும் முன்னாலேயே அழுதாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். கை கழுவும்போது முதலாளி, "எங்க கம்பெனிக்கு நாலு புள்ளி ஒம்பது இருக்கும்மா. இந்த மாசம் மட்டும் மூணு பஸ் ரிப்பேர். உங்க கையால எங்களுக்கும் ஒரு பொட்டு வெச்சுடுங்க" என்று உன் அத்தையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேலே சொன்ன காரணத்தால் அவளால் ஒன்றோடு நிறுத்த முடியாது. தலைக்குக் குளித்து, சிமிழ் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி பஸ்ஸில் வெதுருகுப்பம் கிளம்பிவிட்டாள், போனை எடுக்கவில்லை. கிருஷ்ணப்பா குவைத்திலிருந்து, இந்தத் தடவை பக்கத்து ரூமையும் சேர்த்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். இது உன் கைக்குக் கிடைக்கும் நேரத்துக்கு பஸ் கம்பெனி எதில் நிற்கிறது என்று பார்த்து, ஏதாவது செய்ய முடியுமானால் செய். யாருக்கும் மன்னிப்பு மட்டும் கேட்காதே. பஸ் கம்பெனிக்கு முதல் பொட்டு நான்தான் வைத்தேன். வீட்டுக்காரன் வைக்காமல் அவளை மட்டும் தனியாக ஊர் அழைக்க அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?